எதை வாங்குவது, எதை விடுவது: வெள்ளவத்தை வீடொன்றில் சிவிலைசேஷன் 6 விரிவாக்கங்கள்

ஒரு நாட்டை ஆதி காலத்திலிருந்து நவீன காலம் வரை நடத்துகிற கணினி விளையாட்டு சிவிலைசேஷன் 6. அதன் அடிப்படை விளையாட்டை மட்டும் வைத்து ஆடுகிற எவருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். இணையக் கடைப் பக்கத்தைத் திறந்தால் விளையாட்டின் கீழே, புதிய விதிகளும் நாடுகளும் சேர்க்கிற விரிவாக்கங்களும் சிறு பொதிகளும் வரிசையாக நிற்கும். கையிலுள்ள காசு அவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் காணும். எதை எடுப்பது, எதை விடுவது? டொலரில் சம்பளம் எடுப்பவருக்கு "எல்லாத்தையும் எடு" என்ற ஆலோசனை சரியாக இருக்கலாம். ரூபாயில் சேர்க்கிற பிள்ளைகளுக்கு அது பதிலாகாது.

அப்படிச் சேர்த்த மூன்று பிள்ளைகளின் ஒரு கொள்வனவைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒருவன் வெள்ளவத்தையில் இருக்கிற என் அக்காவின் மகன். மற்ற இருவரும் கொட்டாஞ்சேனையில் இருக்கிற அண்ணனும் தங்கையும். அண்ணன் என் மருமகனோடு ஒரே வகுப்பில் படித்தவன். 2024 டிசம்பரில் மூவரிடமும் சேர்த்து 6,000 ரூபாய் இருந்தது. நான் நெடுங்காலமாக இந்த விளையாட்டை ஆடுகிறவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். அவர்களோடு இருந்து முடிவெடுத்த விதத்தையும், அந்த முடிவு பிறகு எப்படி நடந்தது என்பதையும் முழுதாக எழுதி வைக்கிறேன். இதே கேள்வியோடு இருக்கிற வேறு வீடுகளுக்கு உதவும்.

என் நிலைப்பாடு இதுதான். உங்கள் ஆட்டம் எந்த இடத்தில் செத்துப்போகிறது என்று முதலில் பாருங்கள். அந்த இடத்துக்கு உயிர் கொடுக்கிற விதிகள் எந்த விரிவாக்கத்தில் இருக்கின்றனவோ அதற்குத்தான் முதல் காசு. பிடித்த நாடும் பிடித்த தலைவரும் அதற்குப் பிறகு.

விற்பனைக்கு இருந்தவை

விளையாட்டு 2016 ஒக்டோபரில் வெளியானது. 2018 பெப்ரவரியில் ரைஸ் அண்ட் ஃபோல், 2019 பெப்ரவரியில் கேதரிங் ஸ்டோர்ம் என்று இரண்டு பெரிய விரிவாக்கங்கள் வந்தன. 2020 மே முதல் 2021 மார்ச் வரை ஆறு பொதிகளாக நியூ ஃப்ரொன்டியர் பாஸ் வந்தது. போலந்து, அவுஸ்திரேலியா, நூபியா போன்ற நாடுகளைத் தனித்தனியாகக் கொண்டுவந்த சிறு பொதிகள் விரிவாக்கங்களுக்கு முன்பே இருந்தன. 2022 நவம்பரில் தொடங்கிய லீடர் பாஸ் புதிய தலைவர்களைக் கொடுக்கிறது, புதிய விதிகளைக் கொடுப்பதில்லை.

ரைஸ் அண்ட் ஃபோல் கொண்டுவந்த விதிகளில் முக்கியமானது விசுவாசம், அதாவது லோயல்டி. ஒவ்வொரு நகருக்கும் 0 முதல் 100 வரை விசுவாசம் உண்டு. வரைபடத்தில் ஒன்பது கட்டங்களுக்குள் இருக்கிற நகரங்களின் மக்கள்தொகை அதை இழுக்கும். கிட்ட இருப்பவர் கூடுதலாக இழுப்பார், தூர இருப்பவர் குறைவாக. விசுவாசம் 0 ஆனால் நகர் உங்கள் கையை விட்டுச் சுதந்திர நகராகிவிடும். இதோடு பொற்காலம், இருண்ட காலம் என்ற யுக முறையும், ஆளுநர்களும், ஒருவர் எல்லை மீறும்போது மற்றவர்கள் கூடி எதிர்க்கிற அவசரநிலையும் வந்தன.

கேதரிங் ஸ்டோர்மில் வெள்ளம், எரிமலை, வரட்சி, சூறாவளி, காலநிலை மாற்றம், கடல் மட்டம் உயர்வது, மின்சாரம், அணை, கால்வாய், உலக மாநாடு, இராஜதந்திர வெற்றி ஆகியவை உண்டு. இரும்பு, நிலக்கரி, எண்ணெய் போன்றவை இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியாக இல்லாமல், களஞ்சியத்தில் சேர்த்துச் செலவழிக்கிற பொருளாக மாறின.

காசு கொடுக்குமுன் ஒவ்வொருவரும் தெரிந்திருக்கவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கேதரிங் ஸ்டோர்மை வாங்கினால் ரைஸ் அண்ட் ஃபோலின் விதிகளும் கூடவே வந்துவிடும். விசுவாசம், யுகங்கள், ஆளுநர்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. வராதவை ரைஸ் அண்ட் ஃபோலுக்கு உரிய நாடுகளும் தலைவர்களும் உலக அதிசயங்களும்தான். ஒல்லாந்து, மொங்கோலியா, கொரியா, ஸ்கொட்லாந்து, ஜோர்ஜியா, சூலு, க்ரீ, மபூச்சே என்று எட்டு நாடுகள், இந்தியாவுக்குச் சந்திரகுப்தன் என்ற இரண்டாவது தலைவர்: இவை மட்டும் தனியாக நிற்கும். வெளிவந்த ஒழுங்கில்தான் வாங்கவேண்டும் என்று நினைத்து முதலில் ரைஸ் அண்ட் ஃபோலை எடுப்பவர், பிறகு கேதரிங் ஸ்டோர்மையும் எடுக்கும்போது பாதி விதிகளுக்கு இரண்டாம் தடவை காசு கொடுக்கிறார்.

காசும் கருவியும்

அமெரிக்காவில் அறிமுகமானபோது ரைஸ் அண்ட் ஃபோல் 30 டொலர், கேதரிங் ஸ்டோர்ம் 40, நியூ ஃப்ரொன்டியர் பாஸ் 40. மூன்றும் சேர்த்து 110. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 33,000 ரூபாய். கேதரிங் ஸ்டோர்ம் வந்த 2019இல் டொலர் 180 ரூபாய் அளவில் இருந்தது, அதாவது அதே 40 டொலருக்கு 7,200 ரூபாய். 2022 தொடக்கத்தில் 200ஆக இருந்த டொலர் அந்த ஆண்டு மே மாதத்தில் 360ஐயும் தாண்டியது. நாங்கள் வாங்கிய 2024 இறுதியில் 300ஐ ஒட்டி நின்றது, 40 டொலர் என்பது 12,000 ரூபாய். கணினி விளையாட்டுகளை விற்கிற இணையக் கடையான ஸ்டீம் நமக்கு விலையை டொலரில் காட்டுகிறது, வங்கி தன் மாற்று வீதத்தையும் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கணக்கிலிருந்து எடுக்கும். ஆகவே எங்கள் எல்லை தெளிவாக இருந்தது: முழு விலையில் எதையும் தொடுவதில்லை. பாதிக்கும் கீழே இறங்கினால் மட்டும், அதுவும் கார்ட் கட்டணத்துக்கு இடம் விட்டு.

இந்த விளையாட்டுக்கு இது கடினமான நிபந்தனை அல்ல. வெளிவந்து ஆண்டுகள் கடந்துவிட்டதால் ஸ்டீமின் கோடைகால, குளிர்கால விற்பனைகளில் விலை நன்றாகவே இறங்குகிறது. விற்பனை இல்லாத வாரத்தில் இதை வாங்கவேண்டிய அவசரம் யாருக்கும் வரக்கூடாது.

கருவியின் பிரச்சினைதான் சிக்கலானது. மருமகனின் விளையாட்டு ஸ்டீமில் வாங்கியது. கொட்டாஞ்சேனை அண்ணனை நான் தம்பி என்பேன்; அவனுடைய பிரதி எபிக் என்ற இன்னொரு இணையக் கடையில் இருந்தது. 2020 மே 21 முதல் 28 வரை எபிக் கடை அடிப்படை விளையாட்டை இலவசமாகக் கொடுத்தது. கொழும்பில் மார்ச் 20இல் போட்ட ஊரடங்கு மே 26 வரை தளராமல் இருந்த நாட்கள் அவை. வீட்டுக்குள் அடைபட்டிருந்த எத்தனையோ பேர் அப்போதுதான் இந்த விளையாட்டை எடுத்தார்கள், இந்தத் தம்பியும் ஒருவன். ஆனால் எபிக்கில் இருக்கிற விளையாட்டுக்கு ஸ்டீமில் வாங்கிய விரிவாக்கம் சேராது, மறுபக்கமும் அப்படித்தான். அடிப்படை விளையாட்டு எந்தக் கடையில் இருக்கிறதோ அங்கேதான் விரிவாக்கத்தையும் எடுக்கவேண்டும். இணையத்தில் சேர்ந்து ஆடுவதென்றால், விரிவாக்கத்தின் விதிகளோடு ஆட எல்லோரிடமும் அந்த விரிவாக்கம் இருக்கவேண்டும். மூன்று பேருக்கு மூன்று பிரதி வாங்க 6,000 ரூபாய் எந்த வகையிலும் போதாது.

வழியைக் காட்டியது அவர்களுடைய பழக்கம்தான். மூவரும் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையில் கூடி, மருமகனின் லப்டொப்பில் ஹொட்சீட் முறையில் ஆடுகிறவர்கள். ஒருவர் தன் டேர்னை, அதாவது தன் முறையை, முடித்துவிட்டு எழும்ப, அடுத்தவர் அதே கதிரையில் உட்காருவார். ஒரு லப்டொப், ஒரு பிரதி, ஒரு விரிவாக்கம் போதும். அது ஸ்டீமில் இருப்பதால் வேர்க்ஷொப் என்ற அதன் பகுதியில் ரசிகர்கள் இலவசமாகப் போடுகிற மொட்களும், அதாவது விளையாட்டை மாற்றுகிற சேர்க்கைகளும், கிடைக்கும், எபிக் பிரதிக்கு அந்த வசதி இல்லை. ஸ்டீமில்தான் வாங்குவது என்பது அத்தோடு முடிவானது. சேர்ந்து ஆடுவதற்காக வாங்குகிறவர்கள் தாங்கள் உண்மையில் எப்படிச் சேர்கிறார்கள் என்பதை முதலில் பார்க்கவேண்டும். ஹொட்சீட்டில் ஆடுகிற குடும்பம் இணைய ஆட்டத்துக்கான கணக்கைப் போட்டால் மூன்று மடங்கு செலவாகும்.

சேவ் பட்டியல் சொன்னது

"எந்த விரிவாக்கம் நல்லது?" என்று கேட்டால் ஒவ்வொருவரும் தங்கள் விருப்பத்தைச் சொல்வார்கள். அதனால் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு சேவ் பட்டியலை, அதாவது சேமித்து வைத்த ஆட்டங்களின் பட்டியலை, திறக்கச் சொன்னேன். இந்த விளையாட்டில் சேவ் ஒவ்வொன்றிலும் தலைவரின் பெயரும் டேர்ன் எண்ணும் இருக்கும். பட்டியலைப் பார்த்தாலே எந்த ஆட்டம் எங்கே கைவிடப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அவர்கள் ஒன்லைன் வேகத்தில் ஆடுகிறார்கள், அதில் மொத்தம் 250 டேர்ன். பட்டியலில் இருந்தவற்றில் பெரும்பாலானவை 120க்கும் 150க்கும் இடையில் நின்றிருந்தன. கடைசிவரை போனவை மிகக் குறைவு. ஒவ்வொரு சேவாகத் திறந்து, "இதை ஏன் விட்டீங்கள்?" என்று கேட்டேன். மூன்று விதமான பதில்கள் திரும்பத் திரும்ப வந்தன.

முதலாவது தங்கச்சி சொன்னது. "மாமா, என்ட ரெண்டு நகரத்துக்கு நடுவில ஒரு சின்ன இடம் மிச்சம் இருந்தா உடனே இவன் வந்து ஒரு நகரத்தைப் போட்டுவிடுவான். கணினி ஆடுற நாடுகளும் அப்படித்தான். எனக்குக் கோபம் வந்திடும்." அவளுடைய கோபம் நியாயமானது. அடிப்படை விளையாட்டில் வெற்று நிலம் எங்கே இருந்தாலும் எவரும் குடியேறலாம், அந்த நகரம் எவ்வளவு தனித்து நின்றாலும் அப்படியே நிலைத்துவிடும். இதில் தொடங்கிய சண்டைகளால் பல சனிக்கிழமைகள் பாதியில் முடிந்திருந்தன.

இரண்டாவது, முந்திக்கொண்டவர் முந்திக்கொண்டே போவது. ஒருவர் மத்திய காலத்தில் மேலே வந்துவிட்டால் அவரை இழுத்து நிறுத்த மற்ற இருவரிடமும் எதுவும் இல்லை. மூன்றாவது, பிற்கால வெறுமை. கைத்தொழில் யுகம் கடந்தபின் நகரங்களில் அடுத்த கட்டடத்தைத் தெரிவதும் படையணிகளை நகர்த்துவதும் தவிரச் செய்ய ஒன்றும் இருக்காது. முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தில் 100 டேர்ன் அழுத்திக்கொண்டிருக்க எந்தப் பிள்ளைக்கும் பொறுமை இருக்காது.

மூன்று பதில்களையும் விரிவாக்கங்களுக்கு நேரே வைத்துப் பார்த்தோம். முதலாவதுக்கு மருந்து விசுவாச விதி. அது நேராகவே வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூன்றாவதுக்கு மருந்து கேதரிங் ஸ்டோர்ம். நிலக்கரி எரித்தால் மின்சாரம் வரும், கடலும் ஏறும். தாழ்ந்த கரையோரக் கட்டங்கள் முதலில் வெள்ளத்தில் போகும், பிறகு முழுதாகவே மூழ்கும். களனி கங்கை பெருகினால் கொழும்பின் எந்தப் பகுதிகளில் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஆற்றங்கரைச் சமவெளியில் நகரம் போடுவதா, அணை கட்டுவதா என்ற கேள்வியை விளக்கத் தேவையில்லை. வெள்ளம் அழித்துவிட்டுப் போகிற நிலம் சில வேளை முன்னிலும் வளமாக மாறுவதும் அந்த விதிக்குள் இருக்கிறது.

இரண்டாவதைப் பற்றி அவர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். இருண்ட காலமும் அவசரநிலையும் முந்தியவரைத் தடுக்க என்று எழுதப்பட்டவைதான், ஆனால் நன்றாக ஆடுகிறவர் பொற்காலத்துக்கு மேல் பொற்காலமாக அடுக்கிக்கொண்டு போவார். இருண்ட காலம் பெரும்பாலும் ஏற்கெனவே பின்தங்கியவருக்குத்தான் வருகிறது. அதிலிருந்து எழுந்து அடுத்த யுகத்தில் பொற்காலத்தை எட்டினால் கிடைக்கிற வீர யுகம் பின்தங்கியவருக்கு ஒரு நல்ல வாய்ப்பு, உண்மை. ஆனால் அந்த ஒன்றுக்காகக் காசு கொடுக்கவேண்டாம் என்றேன்.

இந்த இடத்திலேயே முதல் முடிவு தானாக வந்துவிட்டது. மூன்று குறைகளில் இரண்டைத் தீர்க்கிற விதிகள் கேதரிங் ஸ்டோர்மில் ஒன்றாக இருக்கின்றன.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர்

ஆனால் மருமகனின் மனம் அதில் இல்லை. அவன் சாதாரண தரத்தில் வரலாற்றை விரும்பிப் படித்தவன். கொழும்பை ஆண்ட மூன்று நாடுகளையும் ஒரே வரைபடத்தில் மோதவிட்டு, கண்டியை நடுவில் வைத்து ஆடவேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. கண்டி அடிப்படை விளையாட்டிலேயே சமய நகர அரசாக, அதாவது கணினி நடத்துகிற ஒற்றை நகர நாடாக, இருக்கிறது. அதன் மேலாதிக்கம் கிடைத்தால் புதிய இயற்கை அதிசயம் ஒன்றைக் காணும்போதெல்லாம் ஒரு புனிதச் சின்னம் வரும், சின்னங்கள் தருகிற பக்தியும் கூடும். தலதா மாளிகையை மனதில் வைத்து எழுதிய விதி என்று பார்த்தவுடனே தெரிகிறது. மூவருக்கும் அது பிடிக்கும், எந்த ஆட்டத்திலும் கண்டிக்குத் தூதுவரை அனுப்பப் போட்டி நடக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்த மூன்று நாடுகளும் மூன்று வேறு இடங்களில் இருக்கின்றன. இங்கிலாந்து அடிப்படையில். ஒல்லாந்து ரைஸ் அண்ட் ஃபோலில். போர்த்துக்கல் 2021 மார்ச்சில் வந்த பொதியில், அது நியூ ஃப்ரொன்டியர் பாஸின் கடைசிப் பகுதி. "ஒல்லாந்தர் இல்லாமக் கொழும்பு எப்படி மாமா?" என்று கேட்டான். அவன் கேட்டபடி செய்வதென்றால் ரைஸ் அண்ட் ஃபோலும் பாஸும் வாங்கவேண்டும், கேதரிங் ஸ்டோர்மை விடவேண்டும்.

அந்த ஆசையை நான் தட்டிக்கழிக்கவில்லை. வரலாற்று விளையாட்டை ஆடுகிறவனுக்குத் தன் ஊரின் வரலாற்றை அதில் காணவேண்டும் என்ற விருப்பத்தைவிட நல்ல காரணம் வேறில்லை. ஆனால் எந்த நாடு உண்மையிலேயே வேறுவிதமாக ஆடவைக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றேன். இரண்டு நாடுகளையும் எடுத்து அலசினோம்.

ஒல்லாந்தின் தலைவர் வில்ஹெல்மினா அரசி. அவர் ஆண்டது 1890 முதல் 1948 வரை. ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656இல், யாழ்ப்பாணத்தை 1658இல்; 1796இல் ஆங்கிலேயரிடம் விட்டுப் போய்விட்டார்கள். வில்ஹெல்மினாவுக்கும் இலங்கைக்கும் தொடர்பே இல்லை. விளையாட்டிலும் ஒல்லாந்தின் பலம் வீட்டுக்குள்தான் இருக்கிறது: ஆற்றோரத்தில் கட்டுகிற கல்வி, கலை, கைத்தொழில் வட்டாரங்களுக்குக் கூடுதல் பயன், கடலிலிருந்து நிலம் மீட்கிற போல்டர், உள்நாட்டு வணிகப் பாதையால் விசுவாசம். நல்ல நாடு. ஆனால் புறக்கோட்டையிலும் வுல்பெண்டால் தேவாலயத்திலும் அவன் பார்க்கிற ஒல்லாந்தர் அங்கே இல்லை.

போர்த்துக்கல்லின் கதை வேறு. தலைவர் மூன்றாம் ஜுவாவோ, 1521 முதல் 1557 வரை ஆண்டவர். இதே மன்னர்தான் 1540களின் தொடக்கத்தில், கோட்டை இராச்சியத்தின் அரசன் ஏழாம் புவனேகபாகு லிஸ்பனுக்கு அனுப்பிய தர்மபாலனின் உருவத்துக்கு முடிசூட்டியவர். தன் பேரனின் அரியணையைக் காக்க அந்தக் கிழ அரசன் செய்த ஏற்பாடு அது. மருமகனுக்கு அந்தச் சம்பவம் தெரியும், அதே ஆள்தான் விளையாட்டில் வருகிறார் என்பது தெரியாது. சொன்னதும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அதே பொதியில் வருகிற உலக அதிசயம் பெலெம் கோபுரம். லிஸ்பனில் அதைக் கட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேதான், 1518இல், போர்த்துக்கேயர் கொழும்பில் தங்கள் முதல் கோட்டையையும் கட்டினார்கள்.

விதிகளும் அந்த வரலாற்றோடு ஒட்டி நிற்கின்றன. போர்த்துக்கல்லின் வெளிநாட்டு வணிகப் பாதைகள் கரையோர நகரங்களுக்கும் துறைமுகம் உள்ள நகரங்களுக்கும் மட்டுமே போகும், ஆனால் வருமானம் பாதிப் பங்கு கூடுதல். நாவ் என்ற கப்பல் பிறருடைய கரையில் ஃபெய்தோரியா என்ற வணிகக் கொத்தளத்தைக் கட்டும். நிலம் அவருடையது, இலாபத்தில் பங்கு இருவருக்கும்.

இந்த இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று எப்படித் தாங்கின என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விசுவாச விதி இல்லாத அடிப்படை விளையாட்டில் போர்த்துக்கல்லை எடுத்தால், தூரக் கரையில் வணிகக் கொத்தளம் கட்டுவதைவிட அங்கேயே ஒரு நகரத்தைப் போட்டுவிடுவது இலகு. யாரும் தடுக்கமாட்டார்கள். அப்போது போர்த்துக்கல் மற்ற எந்த நாட்டையும் போலத்தான். விசுவாச விதி வந்தவுடன் கணக்கு மாறிவிடுகிறது. வேறொருவரின் பெரிய நகரங்களுக்குப் பக்கத்தில் போடுகிற சின்ன நகர் சில டேர்ன்களிலேயே கலகம் செய்து பிரிந்துவிடும். அப்போது கரையில் ஒரு கொத்தளமும் கடலில் கப்பலும் வைத்துக்கொண்டு, உள்நாட்டு அரசனோடு நட்பாக இருப்பதுதான் புத்தி. 1505இல் வந்த போர்த்துக்கேயர் முதலில் கோட்டை அரசனோடு வணிகம் பேசினார்கள், கறுவாவுக்காகக் கரையைப் பிடித்துக்கொண்டார்கள், நிலத்துக்கு ஆசைப்பட்டது பிறகு. ஏன் அந்த ஒழுங்கில் நடந்தது என்பதை ஒரு பிள்ளை தன் கையால் ஆடி உணரவேண்டுமென்றால் அதற்கு விதியும் வேண்டும், நாடும் வேண்டும். முதலில் விதி என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு இது ஒரு காரணம்: நல்ல விதி இருந்தால் பிடித்த நாடு இன்னும் சிறப்பாக ஆடும்.

ஆகவே வாங்கவேண்டியவை இரண்டு: கேதரிங் ஸ்டோர்ம், போர்த்துக்கல் பொதி. நியூ ஃப்ரொன்டியர் பாஸின் பொதிகள் தனித்தனியாகவும் விற்பனைக்கு இருக்கின்றன, முழுப் பாஸையும் எடுக்கத் தேவையில்லை. மாயா, எத்தியோப்பியா, பைசாந்தியம், பாபிலோன், வியட்நாம் எல்லாம் நல்ல நாடுகள்தான். ஆனால் மூவரில் ஒருவர்கூட அவற்றின் பெயரைச் சொல்லவில்லை. கேட்காத நாட்டுக்குக் காசு கொடுப்பதில்லை.

வாங்கிய விதம்

குளிர்கால விற்பனை தொடங்கியதும் மூன்று விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம்: இரண்டையும் தனித்தனியாக எடுக்கும் விலை, விரிவாக்கங்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பின் விலை, எல்லாம் அடங்கிய பெரிய தொகுப்பின் விலை. இதைத் தவறாமல் செய்யவேண்டும். ஸ்டீமில் பண்டில் என்று இருப்பவற்றில் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற பகுதியின் விலை கழிந்துதான் காட்டும். சில விற்பனைகளில் தொகுப்பு தனிப் பொருளைவிடச் சற்றுத்தான் கூட இருக்கும், அப்போது தொகுப்பை எடுப்பதே சரி. எங்களுக்கு அன்று தனித்தனியாக எடுப்பதுதான் 6,000க்குள் அடங்கியது, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அந்த மிச்சத்தை ஏதாவது ஒரு சிறு பொதியில் போட்டுவிடலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம், காசாகவே இருக்கட்டும் என்றேன்.

அக்காவின் கார்ட்டில் கட்டினோம். கேதரிங் ஸ்டோர்மை முதலில் வாங்கி, அன்றே நிறுவிப் பார்த்தோம். லப்டொப் பழையது, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாவித்ததாக வாங்கியது. அது தாங்குமா என்பது எனக்குக் கவலையாக இருந்தது. ஸ்டீமில் டிஎல்சி, அதாவது இப்படியான கூடுதல் பொதி, ஒன்றை வாங்கி 14 நாட்களுக்குள், அதன் பிறகு விளையாட்டை இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காசைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் முதல் இரண்டு மணித்தியாலத்தைச் சோதனைக்கென்றே வைத்தோம். ஆட்டத்தை ஆதி யுகத்திலிருந்து தொடங்காமல், பிற்கால யுகத்திலிருந்தே தொடங்குகிற அமைப்பைத் தெரிந்து, பெரிய வரைபடத்தில் டேர்ன் ஓட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தோம். சிறிய வரைபடத்துக்கு இறங்கியபோது தாராளமாக ஓடியது. அதன் பிறகே போர்த்துக்கல்.

பிறகு நடந்தது

தங்கச்சியின் பிரச்சினை உடனே தீர்ந்தது. அவளுடைய நகரங்களுக்கு நடுவில் அண்ணன் பழைய பழக்கத்தில் போட்ட முதல் நகர் விசுவாசம் இழந்து சுதந்திர நகராகி, பிறகு தானாகவே அவளிடம் வந்து சேர்ந்தது. அவள் ஒரு படையணியைக்கூட நகர்த்தவில்லை. அதற்குப் பிறகு எவரும் நடுவில் நகர் போடவில்லை. எல்லைச் சண்டையால் கைவிடப்பட்ட சேவ் இப்போது பட்டியலில் இல்லை.

ஆட்டங்கள் கைத்தொழில் யுகத்தைத் தாண்டத் தொடங்கின. எல்லாம் முடிவுவரை போகின்றன என்று சொல்லமாட்டேன், ஆனால் நவீன காலத்தில், கடல் ஏறத் தொடங்கியபின் விடப்பட்ட ஆட்டத்தை அடுத்த சனிக்கிழமை திறந்து தொடர்கிறார்கள். முன்பு அப்படி நடந்ததே இல்லை. இயற்கை அழிவுகளின் கடுமையை 0 முதல் 4 வரை வைக்கலாம். வழமையாக இருக்கிற 2 அவர்களுக்குச் சரியாக இருந்தது. 4இல் வைத்த ஆட்டத்தில் எல்லோரும் எரிமலையையும் வெள்ளத்தையும் திருத்துவதிலேயே நேரம் போக்கினார்கள், பழையபடி குறைத்துவிட்டார்கள்.

உலக மாநாடு எதிர்பார்த்த அளவு எடுபடவில்லை. மத்திய காலத்திலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் கூடுகிறது, தீர்மானங்களுக்கு வாக்களிக்கவேண்டும். ஹொட்சீட்டில் அது ஆட்டத்தின் ஓட்டத்தை அறுக்கிறது. தீர்மானங்களில் பலவும் அந்த நேரத்து ஆட்டத்தோடு ஒட்டாமல் வருகின்றன. தங்கச்சிக்கு அது அறவே பிடிக்கவில்லை. நான் சொன்னபடியே முந்தியவர் முந்துவதும் தொடர்கிறது, மாநாட்டில் இருவர் சேர்ந்து ஒருவருக்கு எதிராக வாக்களிக்க முடிகிறது என்பது மட்டும் சின்ன ஆறுதல். கேதரிங் ஸ்டோர்மை வாங்க யோசிக்கிறவர்கள் மாநாட்டுக்காக வாங்கவேண்டாம். விசுவாசம், களஞ்சியம், காலநிலை ஆகிய மூன்றும்தான் கொடுத்த காசுக்குப் பதில் சொல்கின்றன.

களஞ்சியத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. முன்பு தேவையான இரும்புக் கட்டங்கள் கையில் இருந்தால் வாள்வீரரை வரிசையாக இறக்கலாம். இப்போது ஒவ்வொரு படையணிக்கும் இரும்பு எண்ணிக் கொடுக்கவேண்டும், சேர்ந்தால்தான் அடுத்தது. தம்பி படையெடுப்பில் கெட்டிக்காரன். அவனுடைய வேகத்தை எந்த அவசரநிலையையும்விட இதுதான் கட்டுப்படுத்தியது. இந்தப் பயனை நான் வாங்கும்போது கணக்கில் எடுக்கவில்லை, விளையாட்டில்தான் தெரியவந்தது.

போர்த்துக்கல்லோடு மருமகன் கண்டியின் மேலாதிக்கத்தை எடுத்து, மற்றவர்களின் கரைகளில் கொத்தளங்கள் போட்டு ஆடிய ஆட்டம் ஒன்றை முழுதாக இருந்து பார்த்தேன். தங்கச்சி இங்கிலாந்து. அவன் காசில் முன்னுக்கு நின்றான், நிலத்தில் கடைசி. தன் கரையில் கொத்தளங்கள் வைத்திருந்த அவனோடு போர் தொடுப்பதா, அவற்றிலிருந்து தனக்கும் வருகிற இலாபத்தை எடுத்துக்கொண்டு இருப்பதா என்று அவள் நெடுநேரம் யோசித்தாள். இப்படி ஒருவரை யோசிக்கவைத்ததுதான் அந்தப் பொதிக்குக் கொடுத்த காசின் பெறுமதி.

மிச்சக் கேள்விகள்

லீடர் பாஸைப் பற்றிக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஏற்கெனவே உள்ள நாடுகளை நன்றாக ஆடித் தீர்த்தவர்களுக்கு அது.

சிவிலைசேஷன் 7 வரும்வரை காத்திருக்கலாமா என்ற கேள்வியும் இருந்தது. அது 2025 பெப்ரவரி 11இல் 70 டொலருக்கு வந்தது, 300ஆல் பெருக்கினால் 21,000 ரூபாய். சோழர் அதில் அடிப்படை விளையாட்டிலேயே, ஆய்வு யுகத்தின் நாடாக இருக்கிறார்கள். அது என்னையும் இழுக்கிறது. ஆனால் அவர்களுடைய லப்டொப் அதைத் தாங்காது. புதிய விளையாட்டுக்கும் விரிவாக்கங்கள் வரும், விலைகள் இறங்கும். இப்போது 6இல் நாலு சனிக்கிழமைக்கு மேல் சந்தோஷமாக ஆடக்கூடியதை 7க்காகத் தள்ளிவைக்கத் தேவையில்லை.

ஒல்லாந்தின் கேள்வி எதிர்பாராத விதமாகத் தீர்ந்தது. 2025 ஜூலை 17 முதல் 24 வரை எபிக் கடை சிவிலைசேஷன் 6இன் பிளாட்டினம் பதிப்பை இலவசமாகக் கொடுத்தது. இரண்டு பெரிய விரிவாக்கங்களும் ஆறு சிறு பொதிகளும் அதில் அடக்கம். தங்கச்சி அந்த வாரம் தனக்கென்று ஒரு கணக்குத் திறந்து எடுத்துக்கொண்டாள். ரைஸ் அண்ட் ஃபோல் இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறது, ஒல்லாந்தரை ஆடவேண்டுமென்றால் மருமகன் பஸ்ஸில் அங்கே போகவேண்டும், போகிறான். வெள்ளவத்தை லப்டொப்புக்கு அதை வாங்கவேண்டுமா என்று போன மாதம் கேட்டான். மூவரும் எந்த வீட்டில் கூடுகிறீர்கள் என்று ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். டிசம்பரில் மிச்சம் வைத்த காசு இன்னும் அக்காவிடம் இருக்கிறது.